இண்டர்வியூல டிகிரி ஒரிஜினல் கேக்குறாங்க, குடுக்கலாமா?

முதுநகர் பையன்:
மெக்கானிக்கல் இந்த வருஷம் தான் முடிச்சேன், ஊரு கடலூர் முதுநகர். நேத்து சிப்காட் பக்கம் ஒரு கம்பெனில இண்டர்வியூ, காலைல ஒம்பது மணிக்கு வர சொல்லிட்டு மத்தியானம் மூணு வரைக்கும் செக்யூரிட்டி ரூம்லயே உக்கார வச்சுட்டாங்க. உள்ள போனா மேனேஜர் ரெஸ்யூமையே பாக்கல, போன நோண்டிக்கிட்டே சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு ஏன் ப்ரைமிங் பண்றோம்னு கேட்டாரு, காத்தோட அடர்த்தி கம்மி, அதனால இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்துற சக்கரம்) சுத்துனாலும் தண்ணிய இழுக்குற அளவுக்கு சக்‌ஷன் வராது, அதான் கேசிங்ல (பம்போட வெளிக்கூடு) மொதல்ல தண்ணி ரொப்புறோம்னு சொன்னேன், உடனே "புக்ல இருக்கறத ஒப்பிக்காத"ன்னு சிரிக்கிறாரு. அது கூட பரவால்ல. கடைசில ரெண்டு வருஷம் வேலைய விட்டு போகக்கூடாதுன்னு பாண்ட், டிகிரி ஒரிஜினல அவங்ககிட்ட குடுத்துடணுமாம். வீட்ல சேந்துடுடான்றாங்க. என்ன பண்றது?

வில்லியனூர்காரன்:
குடுக்காத தம்பி. பாத்துட்டு அங்கயே திருப்பி தரணும், அவ்ளோதான். என் கூட இருந்த பையன் சேதராப்பட்டுல இப்டி மாட்டிக்கிட்டு, வேற வேல கெடச்சும் போக முடியல, வக்கீல் நோட்டீஸ் விட்டப்புறம் தான் தந்தாங்க.

பம்ப் ஆபரேட்டர்:
உன் பதில் கரெக்ட் தான் ப்ரோ. அந்தாளுக்கு என்ன கடுப்போ. அடுத்த எடத்துல கேவிட்டேஷன் (பிரஷர் கொறஞ்சு பம்புக்குள்ள ஆவிக் குமிழி வந்து ஒடையறது) கேப்பாங்க, பாத்து வச்சுக்க.

நெல்லிக்குப்பம் அக்கா:
என்ஏடிஎஸ் போர்ட்டல்ல (மத்திய அரசோட அப்ரண்டிஸ் ட்ரெய்னிங் திட்டம்) பதிவு பண்ணுப்பா, 1961 அப்ரண்டிஸ் சட்டத்துல வர்ற ஒரு வருஷ ட்ரெய்னிங், மினிமம் ஸ்டைபண்ட்ல (ட்ரெய்னிங் அப்போ தர்ற மாசப் பணம்) பாதி கவர்ன்மெண்ட் தருது, ஆபீஸ் சென்னை தரமணில. காசு கம்மிதான். ஆமா, இவங்க சம்பளம் எவ்ளோ சொன்னாங்க?

முதுநகர் பையன்:
பன்னெண்டாயிரம்கா. பி.எஃப் உண்டான்னு கேட்டேன், பதிலே இல்ல.