ஆற்றங்கரை நில வகைமாற்றம்: ஆட்சேபனை மனு எழுத உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் தெருவை ஒட்டிய ஆற்றங்கரை விவசாய நிலத்தைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. ஆட்சேபனை தெரிவிக்க அவகாசம் குறைவு.

வீடே கட்டக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது வெள்ளம் பரவி நிற்கும் இடம். அங்குள்ள மரங்களில் இடுப்பளவு உயரத்துக்கு வண்டல் கறை இன்னும் அப்படியே இருக்கிறது. மண் கொட்டி மேடாக்கினால் புது வீடுகள் தப்பிக்கலாம். அந்தத் தண்ணீர் எங்கள் தெருவுக்கும் எதிர்க்கரைக்கும்தான் திரும்பும். மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழைநீரும் சிமெண்ட் தரையில் வழிந்து ஆற்றுக்கே ஓடும்.

100 வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தானே என்று சமாதானம் சொல்கிறார்கள். கணக்குப்படி அது ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருட வீட்டுக்கடன் அடைந்து முடிவதற்குள் ஒருமுறையாவது வந்துவிட ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வாங்கப்போகிறவர்களிடம் இதை யார் சொல்வார்கள்?

நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் சம உயரக் கோட்டு வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள், நீரியல் பொறியாளர்கள், இதுபோன்ற மனு எழுதிய வழக்கறிஞர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஆளுக்கொரு மனு கொடுப்பதா, எல்லோரும் கையெழுத்திட்ட ஒரே மனுவா, எது எடுபடும்? பழைய வெள்ளப் படங்களைச் சான்றாக இணைக்கத் தேதிக்கு என்ன ஆதாரம் கேட்பார்கள்?