புதுப்பிப்பு: தூங்கும் குமாஸ்தா பொம்மை ஏன் சிக்கியது?

முன்கதை: இது மர இயந்திரப் பொம்மை. கைப்பிடியைச் சுற்றினால் மேசையில் தூங்கும் குமாஸ்தா மெல்லத் தலை தூக்கி, ‘டொக்’கென்று திரும்ப விழவேண்டும். பாதியில் சிக்குகிறது என்று போன வாரம் போட்டிருந்தேன்.

குற்றவாளி பெங்களூரு மழை. தலையைத் தூக்கும் 6 மி.மீ. மரக் குச்சிக்கு 6 மி.மீ. துளையே போட்டது தப்பு. ஈரத்தில் மரம் ஊதிப் பிடித்துக்கொண்டது. துளையை 6.5 ஆக்கி, குச்சியில் மெழுகுவர்த்தி தேய்த்ததும் சரி. எண்ணெய் விடாதீர்கள், மரம் குடித்துவிடும்.

“ஓடுது, ஆனா சிரிப்பு வரலையே” என்று கேட்ட அண்ணனுக்கு: கோளாறு நத்தை வடிவ கேமில் (cam, கைப்பிடி அச்சில் சுற்றி அந்தக் குச்சியை மேலே தள்ளும் தட்டு). தலை உச்சிக்குப் போனதுமே விழுந்தது. இப்போது 200 பாகை ஏற்றம், உச்சியில் ஆரம் மாறாமல் 100 பாகை, விழுந்தபின் 60 பாகை தூக்கம். அந்த 100 பாகையில்தான் ‘ஆஹா, எழுந்துட்டார், ஃபைல் நகரும்’ என்று பார்ப்பவர் நம்புகிறார்!

தலை, கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளுக்குக் கடையும் வெட்பாலை மரம். எடை போதாமல் சோம்பலாக இறங்கியது. உள்ளே எடைக்காக இரண்டு எம்6 (6 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டு ஒட்டியாயிற்று.

பிள்ளைகள் கட்டாயம் பின்பக்கமாகச் சுற்றுவார்கள். தலை விழுவதற்காகக் கேமில் உள்ள செங்குத்துப் படியில் குச்சி முட்டி உடையும். அச்சில், ஒரே பக்கம் மட்டும் சுற்றவிடும் ராட்செட் பல்சக்கரமும் அதைத் தடுக்கும் நாக்கும் போட்டுவிடுங்கள்.