எள்ளலா, ஏளனமா? திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் புகார் தெரிவிக்கும் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். அடித்தல், மிரட்டல், பணம் பறித்தல் முடிந்தன. 'ரிடிக்யூல்' (ஒருவரை இழிவாக்கிச் சிரிப்பது) மட்டும் நிற்கிறது. 'கேலி' என்று போட்டேன். கேலி நண்பர்களுக்குள்ளும் உண்டே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புலவர்:
எள்ளல். 'எள்ளல் இளமை பேதைமை மடன்' என்று நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, நிலைக்களன் நான்கு சொல்கிறது தொல்காப்பியம். 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்பது குறள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ஏழாம் வகுப்புப் பிள்ளை எள்ளல் என்றால் செக்கைத் தேடும். 'ஏளனம்' போடலாமா?

புலவர்:
ஏளனம் வடசொல். எள்ளைப் பழிக்க வேண்டாம். ஒருவரை எள்ளளவாகச் சிறுக்கவைத்துப் பார்ப்பதே எள்ளல்! எளிமை, எளியர் எல்லாம் அந்த வேர்தான்.

இன்னொருவர்:
உவமையாக அழகு ஐயா. வேராக நம்ப மாட்டேன். விட்டால் எள்ளுருண்டையும் வசையாகிவிடும்.

யாழ்ப்பாண நண்பர்:
எங்களிடம் 'பகிடி' சிரிக்கத்தான். 'வதை' சேர்ந்தால் கதை வேறு. பல்கலைக்கழகப் பகிடிவதைக்கு (ராகிங்) எதிராக இலங்கையில் 1998இல் சட்டமே வந்தது. நீங்கள் 'கேலிவதை' என்று வைக்கலாமே?

புலவர்:
கேலியும் வடக்கு, வதையும் வடக்கு.

ஆசிரியை:
வேர் இருக்கட்டும். எள்ளலுக்குத் தொல்காப்பிய உரையாசிரியரான பேராசிரியர் எழுதிய உரையைப் பாருங்கள்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் மற்றொன்று. இரண்டாவதை என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். நிறத்தைச் சொல்லி எல்லாரும் சிரிக்கும்போது அந்தப் பையனும் சேர்ந்து சிரிக்கிறான். கேட்டால், "சும்மா கேலிதான் டீச்சர்." பொத்தானில் 'கேலி' என்றிருந்தால் அவன் அதைத் தொடவே மாட்டான். 'எள்ளல்' என்றிருந்தால் அவனுக்குப் புரியாது.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் 'இழிவாகப் பேசிச் சிரித்தல்'?

நிரலர் (செயலியை எழுதுபவர்):
பொத்தானில் பன்னிரண்டு எழுத்துதான் கொள்ளும். 'நக்கல்' போதாதா?

ஆசிரியை:
நக்கலைப் பையன்கள் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பொத்தானில் 'ஏளனம்', கீழே சிறிய எழுத்தில் 'இழிவாகப் பேசிச் சிரித்தல்'. ஐந்து பேர் சரி என்றிருக்கிறீர்கள். இன்றிரவு அனுப்பிவிடுகிறேன்.

புலவர்:
என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். பழிகரப்பு அங்கதம், அதாவது பழியை மறைத்துச் சொல்லும் வசை, பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.