அமெரிக்க சிட்காம்களில் தேங்க்ஸ்கிவிங் எபிசோட் ஏன் தவறாமல் வருகிறது?

காட்பாடி மாணவர்:
வணக்கம். எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்துக்காக, வேலூரில் ஒரே வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாதிரிக்காக அமெரிக்கத் தொடர்களைப் பார்த்தபோது, பலவற்றில் தேங்க்ஸ்கிவிங் (குடும்பம் கூடி வான்கோழி சமைத்து உண்ணும் நன்றி நாள்) விருந்தை வைத்து ஓர் எபிசோட் இருப்பதைக் கவனித்தோம். அந்த நாளுக்கு ஏன் இத்தனை மவுசு? நம் ஊர்த் திருவிழாவை வைத்து அப்படி எழுத முடியுமா?

சத்துவாச்சாரி வாசகர்:
முதல் காரணம் நாள்காட்டிதான். அங்கே புதிய தொடர்கள் செப்டம்பரில் தொடங்கும். தேங்க்ஸ்கிவிங் நவம்பர் நான்காம் வியாழன். வாரம் ஒன்றாக ஒளிபரப்பினால், பார்வையாளருக்குப் பாத்திரங்கள் பழகிய நேரத்தில் விருந்து வந்துவிடுகிறது. போதாததற்கு, உள்ளூர் நிலையங்களின் விளம்பரக் கட்டணத்தை முடிவுசெய்யும் பார்வையாளர் கணக்கெடுப்பு மாதங்களில் நவம்பரும் ஒன்று. நம் தொலைக்காட்சிகளோ தீபாவளியன்று பட்டிமன்றத்துக்கும் புதுப்படத்துக்கும் இடம் கொடுத்துவிடுகின்றன.

எழுதுபவருக்குக் கிடைக்கும் வசதி இதைவிடப் பெரியது. விருந்து முடியும்வரை யாரும் எழுந்து போக முடியாது. ஒரே அறை, ஒரே செட். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் முதல் தேங்க்ஸ்கிவிங் எபிசோடை (1994) பாருங்கள். கட்டி கட்டியாக மசித்த உருளைக்கிழங்கு ஒருவருக்கு, பட்டாணியும் வெங்காயமும் கலந்தது இன்னொருவருக்கு என்று, அவரவர் வீட்டு ருசிக்குச் சமைக்க மோனிகா படாத பாடு படுகிறாள். கடைசியில் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்த் திரும்பும்போது சாவி இல்லாமல் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொள்ள, விருந்து கருகிப்போகிறது. பண்டிகையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும், தன் வீட்டுச் சாப்பாட்டை நினைத்து ஏங்குவது புரிந்துவிடும்.

குடியாத்தம் அத்தை:
தம்பி, சாப்பாட்டு மேசையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அபூர்வம். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று நடக்கும், பரிமாறுபவர்கள் கடைசியில்தான் உட்காருவார்கள். ஆகையால் கூடத்தில் மரியாதையான பேச்சும், சமையற்கட்டில் உண்மையான பேச்சுமாகக் கதை இரண்டாகப் பிரியும். குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே போய்வருகிறவனுக்குத்தான் எல்லா இரகசியமும் தெரிந்திருக்கும். உங்கள் கதாநாயகன் அவனாக இருக்கட்டும்.

எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை, அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் விழாவை, எடுத்துக்கொள்ளலாம். வைகாசி முதல் நாள் அது. வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் வந்துவிடுவார்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று உறவு முழுவதும் விசாரிக்கும்.

காட்பாடி மாணவர்:
நன்றி அத்தை. சிரசு ஊர்வலத்தையும் அந்தக் கூட்டத்தையும் படமாக்க எங்களிடம் பணமும் ஆளும் இல்லை. ஊர்வலமே இல்லாமல் அந்தத் திருவிழாவைக் காட்டினால் எடுபடுமா?

சத்துவாச்சாரி வாசகர்:
தாராளமாக எடுபடும். 1978இல் வந்த 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' தொடரில், ஒரு வானொலி நிலையத்தார் தேங்க்ஸ்கிவிங் விளம்பரத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து உயிருள்ள வான்கோழிகளைக் கீழே போடுகிறார்கள். அவை விழுவதை நாம் பார்ப்பதே இல்லை; வானொலிச் செய்தியாளர் பதறிப் பதறி வர்ணிப்பதை மட்டும் கேட்கிறோம். அதுவே சிரிப்பை இரட்டிப்பாக்குகிறது. நீங்களும் பம்பைச் சத்தத்தைத் தெருவில் நெருங்கவும் விலகவும் விட்டு, கேமராவை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

'சியர்ஸ்' தொடரின் 1986ஆம் ஆண்டு எபிசோடையும் பார்த்துவிடுங்கள். வான்கோழி வேகவே மாட்டேன் என்கிறது. பசியில் பேச்சு முற்றி, உணவை ஒருவர்மேல் ஒருவர் எறிகிறார்கள். சண்டைக்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை, தாமதமே போதும் என்பதை அதில் கற்றுக்கொள்ளலாம். நம் பக்கத்தில் உணவை எறிந்தால் பார்ப்பவர் முகம் சுளிப்பார், அதை விட்டுவிடுங்கள்.

குடியாத்தம் அத்தை:
ஆட்டுக்கறி பாதி வெந்துகொண்டிருக்கும்போது சிலிண்டர் தீர்ந்துபோகட்டும், தம்பி. திருவிழா நாளில் மாற்று சிலிண்டர் கேட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதிலேயே பாதிக் கதை ஓடிவிடும், அதுவும் பேச்சுவார்த்தை அறுந்துபோன பக்கத்து வீட்டில் மட்டும்தான் சிலிண்டர் இருக்கிறது என்றால்.