எஃப்.பி.வி விமானம் - தக்கலை, நாகர்கோவில் பக்கம் எங்கே பறக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம்?

தக்கலை_விங்:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாகக் காசு சேர்த்து, உதிரி உதிரியாக வாங்கி ஒரு விங் (வால் இல்லாமல் இறக்கை மட்டுமே உள்ள ரிமோட் விமானம்) கட்டி முடித்துவிட்டேன். 900 மி.மீ. இறக்கை, ஈ.பி.பி ஃபோம், பின்னால் ப்ரொப்பல்லர். பேட்டரியோடு தராசில் வைத்தால் 780 கிராம். ஐநேவ் என்ற பறக்கும் மென்பொருள் போட்ட கன்ட்ரோலர், ஜி.பி.எஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் வீடியோ. காகிள்ஸ் (விமானத்துக் கேமராவின் படத்தைக் கண்முன் காட்டும் கண்ணாடி) போடாமல் நாலைந்து தடவை பறக்கவிட்டுப் பத்திரமாக இறக்கியாயிற்று, இனி காகிள்ஸ் போட்டு, அந்தப் படத்தைப் பார்த்தே ஓட்டும் எஃப்.பி.வி தொடங்க வேண்டும்.

என் நண்பன் 2 கிலோவுக்குக் கீழே என்றால் எந்த அனுமதியும் வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்கிறான். அது சரியா? நான் மனதில் வைத்திருக்கும் இடங்கள் மூன்று: சங்குத்துறை கடற்கரை, ஆரல்வாய்மொழி காற்றாலைப் பக்கம், தேரூர் குளக்கரை. 2 கி.மீ. வரை போய்த் திரும்ப ஆசை. விமானத்தை இயக்கும் ரேடியோவுக்குப் பழைய 915 மெகாஹெர்ட்ஸ் செட் ஒன்று மலிவாகக் கிடைத்தது, அதைத்தான் போட்டிருக்கிறேன். தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

நாஞ்சில்_பருந்து:

தம்பி, பறக்கும் முன்னால் கேட்டாயே, அதற்கே சந்தோஷம். உன் நண்பர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியை நம்பித்தான் பலரும் மாட்டுகிறார்கள்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. உன்னுடையது மைக்ரோ. சம்பாதிக்க அல்லாமல் பொழுதுபோக்குக்கு மைக்ரோ பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், அவ்வளவுதான் அந்தச் சலுகை. பதிவு எண் வேறு விஷயம், மூன்றாம் நபர் காப்பீடு வேறு விஷயம் (காப்பீட்டில் விலக்கு நானோவுக்குத்தான்), வான எல்லை அதைவிட வேறு விஷயம். அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் தளத்து வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருப்பார்கள். பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். அதற்கு மேலே போனால் அதே இடம் மஞ்சளாகிவிடும், ஏ.டி.சி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை) அனுமதி வேண்டும். விமான நிலைய மதில் சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை இருக்கும் இடங்களில் பச்சை 200 அடியோடு முடிந்துவிடும். நமக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம்தான், தக்கலையிலிருந்து தூரம் அதிகம், அந்தக் கவலை உனக்கு இல்லை. ஆனால் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கிழக்கே கடலோரமாகப் போனால் கூடங்குளம். அதனால் 'நம்ம ஊர்தானே' என்று நினைக்காமல் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் வரைபடத்தைத் திறந்து பார். ஒவ்வொரு முறையும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கன்னியாகுமரிக்குப் பெரிய தலைவர்கள் வருவது வழக்கம், அப்போது எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பு. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2021 விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. அதே விதிகளில் மாடல் விமானத்துக்குத் தனி விளக்கம் இருக்கிறது: 25 கிலோவுக்குள் இருக்க வேண்டும், படிப்பு, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு இவற்றுக்கு மட்டும் பயன்பட வேண்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் இயக்க வேண்டும். நீ வீட்டில் ஃபோமை அறுத்து ஒட்டிக் கட்டியதை வகைச் சான்றிதழ் இல்லாமல் பறக்கவிட முடிவதே இந்த விளக்கத்துக்குள் அடங்குவதால்தான். 2 கி.மீ. தள்ளிப் போன 900 மி.மீ. விங் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த நிமிடமே அது மாடல் விமானம் என்ற கணக்கில் வராது. என்னுடைய அனுபவத்தில் இந்த அளவு விங் 400, 500 மீட்டரிலேயே ஒரு புள்ளி, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்ல முடியாது. ஆகவே 2 கி.மீ. ஆசையை விட்டுவிடு.

காகிள்ஸ் போட்ட பிறகு உன் கண் உன்னிடம் இல்லை, விமானத்தின் மூக்கில் இருக்கிறது. அது முன்னால் மட்டும்தான் பார்க்கும். அதனால்தான் பக்கத்தில் ஸ்பாட்டர் என்று ஒரு ஆள் வெறுங்கண்ணால் விமானத்தையும் அதைச் சுற்றியுள்ள வானத்தையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நாம் யூடியூபில் பார்க்கிற அமெரிக்கர்களுக்கும் இதே கதைதான், எஃப்.பி.வி என்றால் பக்கத்திலேயே ஸ்பாட்டர் நிற்க வேண்டும் என்பது அங்கேயும் சட்டம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முட்டத்தில், பாறைக்கு மேலே உட்கார்ந்து, சாயங்காலம் நாலரை மணி இருக்கும், சுமார் 90 மீட்டர் உயரத்தில் கடலோரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் ஸ்பாட்டராக வந்திருந்தான், ஆனால் வீட்டிலிருந்து போன் வந்து நாலு எட்டுத் தள்ளிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியாது. ஏதோ சத்தம் கேட்டது. வள்ளத்து எஞ்சின் என்று நினைத்தேன். சத்தம் நெஞ்சில் அதிர ஆரம்பித்த பிறகுதான் காகிள்ஸைக் கழற்றினேன், வெயில் கண்ணைக் குத்திப் பத்து விநாடி ஒன்றுமே தெரியவில்லை, என் விமானம் எங்கே என்றே தெரியவில்லை. ஒரு ஹெலிகாப்டர் கலங்கரை விளக்கத்துக்கும் கரைக்கும் நடுவில் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. நான் த்ராட்டிலை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கீழே இறக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், விங் பாறையில் விழுந்து இரண்டாகிவிட்டது. அந்த ஹெலிகாப்டருக்குள் எத்தனை பேர் இருந்தார்களோ, என்னுடைய பேட்டரி அந்தச் சுழலிறக்கையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி தூங்கவில்லை. ஆள் இருக்கும் எந்த விமானத்துக்கும் வழிவிட வேண்டியது நாம்தான், அது எவ்வளவு தாழ்வாக வந்தாலும் சரி.

அதற்குப் பிறகு ஸ்பாட்டர் என் தோளை ஒட்டி நிற்பார், கையில் போன் இருக்காது. ஒரே ஒரு வார்த்தை பேசி வைத்திருக்கிறோம், 'தாழ்த்து'. அதைக் கேட்டால் ஏன் என்று கேட்காமல் இறக்குவேன், அப்புறம்தான் காகிள்ஸைக் கழற்றுவேன். முறை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம், அதனால் நிற்பவருக்கும் அலுப்பு வராது.

மார்த்தாண்டம்_ரேடியோ:

அந்த 915 செட்டை உடனே கழற்று தம்பி. அது 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை தாவித் தாவி வேலை செய்யும், அமெரிக்காவில் அது இலவச அலைவரிசை. இங்கே அந்த அகலத்தில் ஒரு பகுதி கைபேசி நிறுவனங்கள் பயன்படுத்துகிற 900 பேண்டுக்குள் வருகிறது. சட்டத்துக்கும் ஆகாது, டவர் பக்கத்தில் லிங்க்கும் நிற்காது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது 865 - 868. ஈ.எல்.ஆர்.எஸ் வகை ரேடியோ என்றால் செட்டிங்கில் இந்தியா 866 என்று தனியாகவே இருக்கும், பல 900 மாட்யூல்களை அதற்கு மாற்றிக்கொள்ளலாம், ட்ரான்ஸ்மிட்டர் ரிசீவர் இரண்டிலும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் போடு, 500 மீட்டருக்கு அது தாராளம்.

இன்னொன்று, நம் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் தென்னை, ரப்பர். மழை நனைந்த இலைக்குப் பின்னால் விமானம் போனால் 5.8 வீடியோ பனி விழுந்த மாதிரி ஆகிவிடும். ரேடியோ லிங்க் நன்றாக இருக்கும், படம்தான் போகும், அந்த நேரத்தில் பதறித் தப்பாகத் திருப்பி விழுந்தவர்கள் ஏராளம். படம் போனால் ஸ்டிக்கை விடு, ஆர்.டி.ஹெச் (விமானம் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்) சுவிட்சைப் போடு, ஸ்பாட்டர் சொல்வதைக் கேள்.

தேரூர்_குளக்கரை:

தேரூர் குளக்கரை வேண்டாம் தம்பி, அக்கா கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சார் என்ற சர்வதேசப் பட்டியலில் உள்ள ஈரநிலம். குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகள் அங்கேதான் இறங்குகின்றன. மேலே ஒரு விங் வட்டமடித்தால் அவற்றுக்கு அது பருந்து. ஒரு முறை யாரோ பறக்கவிட்டபோது நான் கரையில் பைனாகுலரோடு நின்றேன், மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் எழும்பி, அரை மணி நேரம் இறங்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. அதுகள் அத்தனை தூரம் பறந்து வந்து இரை எடுக்கிற நேரம் அது. செம்பருந்து உன் விமானத்தைத் தாக்க வரும் என்பதும் உண்மை, ஆனால் எனக்கு அந்தப் பறவையைப் பற்றித்தான் கவலை. பருந்து கிட்டே வந்தால் விளையாடாமல் உடனே இறக்கிவிடு.

ஆரல்_காற்று:

நான் இருப்பது ஆரல்வாய்மொழி. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வராதே. தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வரும், அதற்காகத்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலை. அவற்றின் பின்பக்கம் காற்று சுருண்டு வரும், 780 கிராம் விங்கைக் காகிதம் மாதிரி புரட்டிவிடும். தவிர அது கம்பெனிகளின் நிலம், உயர் அழுத்தக் கம்பிகள் வேறு.

காற்றுக் கணக்கை ஒரு தடவை பேனா பிடித்துப் போட்டுப் பார். உன் விங் விநாடிக்கு 14 மீட்டர் பறக்கும், காற்று விநாடிக்கு 10 மீட்டர் என்று வை. காற்றோடு 2 கி.மீ. போக 83 விநாடி போதும். திரும்பி வரும்போது உன் வேகம் விநாடிக்கு 4 மீட்டர்தான், 500 விநாடி ஆகும், எட்டு நிமிடத்துக்கு மேல். பேட்டரி பாதியில் திரும்பலாம் என்று நினைத்தவன் கடலில்தான் தேட வேண்டும். சங்குத்துறையில் காற்று கடலைப் பார்த்து வீசுகிற காலை நேரத்தில் இது அப்படியே நடக்கும். எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போ, திரும்பும்போது காற்று உன்னைக் கொண்டுவந்து விடும்.

கையால் எறியும்போதும் கவனம். பின்னால் ப்ரொப்பல்லர் உள்ள விங்கை நடுவில் பிடித்து எறிந்து என் இடது கை நடுவிரலில் நாலு தையல். இறக்கை நுனியையோ முன் விளிம்பையோ பிடி, கையை விட்டுப் போன பிறகு மோட்டார் சுற்றுகிற மாதிரி ஆட்டோ லாஞ்ச் வை.

தக்கலை_விங்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 915 கழற்றியாகிவிட்டது, வீட்டில் 2.4 ரிசீவர் ஒன்று இருக்கிறது. தேரூர் பற்றி எனக்குத் தெரியாது அக்கா, மன்னிக்கவும், அங்கே வரமாட்டேன். தூரமும் 400 மீட்டருக்குள் வைத்துக்கொள்கிறேன், தம்பியை ஸ்பாட்டராகப் பழக்குகிறேன். இரண்டு சந்தேகம். ஃபெயில்சேஃப் (ரேடியோ லிங்க் அறுந்தால் விமானம் தானாகச் செய்வது) எப்படிச் சோதிப்பது? வேளிமலைச் சரிவில் இருந்து பறந்தால் 120 மீட்டர் எங்கிருந்து கணக்கு?

நாஞ்சில்_பருந்து:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். உன் திரையில் தெரியும் உயரம் நீ ஆர்ம் செய்த (மோட்டாரைச் சுற்றத் தயாராக்கிய) இடத்திலிருந்து. விதி சொல்வது தரையிலிருந்து. சரிவின் மேலே நின்று பள்ளத்தாக்கின் மேல் பறந்தால் திரையில் 50 என்று காட்டும், கீழே தரை 150 மீட்டர் ஆழத்தில் இருக்கும், நீ 200 மீட்டரில் இருக்கிறாய். அதே மாதிரி அடிவாரத்திலிருந்து மலையைப் பார்த்துப் பறந்தால் ஆர்.டி.ஹெச் உயரம் 60 என்று வைத்திருந்தாலும் நேராகப் பாறையில் போய் மோதும். முதல் ஆறு மாதம் மலைப் பக்கமே வேண்டாம்.

ஃபெயில்சேஃபுக்கு, வீட்டில் ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ட்ரான்ஸ்மிட்டரை ஆஃப் செய். மோட்டார் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் ரிசீவர் கடைசி சிக்னலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதோடு வெளியே போகாதே, லிங்க் அறுந்தால் பேட்டரி தீரும் வரை நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் விமானத்தைக் கையில் பிடித்து தானே சமநிலைக்கு வரும் ஸ்டெபிலைஸ் மோடில் வலது இறக்கையைக் கீழே சாய், வலது எலவான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் தகடு) கீழே இறங்க வேண்டும். மேலே ஏறினால் செட்டிங் தலைகீழ், முதல் நொடியிலேயே குப்புற விழும். மைதானத்தில் ஜி.பி.எஸ் லாக் ஆகும் வரை ஆர்ம் ஆகாத மாதிரி ஐநேவில் ஒரு தடை இருக்கிறது, அவசரப்பட்டு அதை அணைத்து வைக்காதே. காகிள்ஸ் இல்லாமல் 60 மீட்டர் உயரத்தில், கண்முன்னால், ஆர்.டி.ஹெச் சுவிட்சைப் போட்டு அது தலைக்கு மேல் வந்து வட்டமடிக்கிறதா என்று இரண்டு மூன்று தடவை பார்.

இடம் வேண்டும் என்றால் கும்பப்பூ அறுவடை முடிந்த வயல்தான். மாசி, பங்குனியில் தோவாளை, பூதப்பாண்டி பக்கம் காலை ஏழு மணிக்கு வந்தால் காற்று அடங்கி இருக்கும், ஆள் நடமாட்டம் குறைவு, விழுந்தாலும் தாள்தான். ரோட்டையும் மின்கம்பியையும் தாண்டாத மாதிரி ஒரு சதுரத்தை வரைபடத்தில் குறித்துக்கொள். வயல்காரரிடம் முந்தின நாளே கேட்டுவிடு, பக்கத்து ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லி வை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூதப்பாண்டி பக்கம் இருப்பேன், உன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, முதல் நாள் அவனோடு நானும் நிற்கிறேன்.