அப்பாவின் மருந்துப் பையை மேஜையில் கொட்டிய நாள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மகள்:
அப்பாவுக்கு 78 வயது. போன வருஷம் வரை தினமும் 11 மாத்திரை. ஞாயிற்றுக்கிழமைதோறும் டப்பாவில் வேளை பிரித்து நிரப்புவது நான்தான். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்று பெருமை வேறு. எது எதற்கு என்று மட்டும் கேட்டதே இல்லை.

பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டார். சில மாதத்தில் கணுக்கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி விழும். வேறொரு மருத்துவர் நீர் பிரிய ஃபியூரோசமைடு எழுதினார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து ஓட வேண்டியதாயிற்று, சிறுநீரை அடக்க முடியவில்லை. அதற்கு ஆக்ஸிபியூட்டினின். அப்புறம் வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, அதற்கும் ஒரு மாத்திரை. ஒருநாள் என்னைப் பார்த்து அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறதி நோய்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

புதிதாகப் பார்த்த குடும்ப மருத்துவர், "சீட்டு வேண்டாம், வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் பையோடு கொண்டு வாங்க" என்றார். மேஜையில் கொட்டினோம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது எப்ப ஆரம்பிச்சது? அப்ப என்ன தொந்தரவு?" என்று கேட்டார். பதில் சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது: ஒன்றின் பக்கவிளைவுக்கு அடுத்தது, அதன் பக்கவிளைவுக்கு இன்னொன்று. முதலில் ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தினார். சில வாரம் கழித்து அம்லோடிபினைப் பாதியாக்கினார். வீக்கம் வடிந்த பிறகு நீர் மாத்திரையும் போயிற்று. இப்போது 6. ஞாபகம் முழுசாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பெயர் சரியாக வருகிறது.

மருந்தாளுநர்:
சீட்டில் இல்லாததையும் பையில் போடுங்கள். சளிக்கோ தூக்கத்துக்கோ தாங்களாக வாங்கும் டைஃபென்ஹைட்ரமினும் முதியவர்களுக்கு ஆக்ஸிபியூட்டினின் தந்த அதே குழப்பத்தைத் தரும். மூட்டு வலிக்கு ஐபுபுரோஃபென் சாப்பிடுவதை யாரும் சொல்வதில்லை, "அது சும்மா வலி மாத்திரைதானே" என்பார்கள். எனலாப்ரில் மாதிரி ஒரு பிரஷர் மருந்தும் நீர் மாத்திரையும் கூடவே இருந்தால் சிறுநீரகம் அடி வாங்கும்.

குடும்ப மருத்துவர்:
என் பக்கத்தையும் ஒத்துக்கொள்கிறேன். பழைய சீட்டை அப்படியே திரும்ப எழுதுவதுதான் சுலபம். ஸ்பெஷலிஸ்ட் எழுதியதில் நான் ஏன் கை வைக்க வேண்டும் என்ற தயக்கமும் உண்டு. வயதானவர்களுக்கு எதைத் தவிர்க்கலாம் என்று சொல்லும் பீர்ஸ் பட்டியல் 1991லேயே வந்தது, 2023லும் திருத்தினார்கள். அதைத் தடைப்பட்டியல் மாதிரி வாசித்து நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு பெரியவருக்குப் பல வருஷமாக ஓடிய பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்று ராத்திரி தூக்கமில்லை, கை நடுக்கம், என் மேல் கடுங்கோபம். கோபத்தில் நியாயம் இருந்தது. அதை மெதுவாகக் குறைத்திருக்க வேண்டும்.

இப்போது காரணத்தை எழுதியே கொடுத்துவிடுகிறேன். 2014ல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், இந்த வகைத் தூக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களிடம் அதன் ஆபத்தையும் குறைக்கும் விதத்தையும் விளக்கும் கையேட்டை நேரடியாகக் கொடுத்தார்கள். 6 மாதத்தில் 27 சதவீதம் பேர் அடியோடு விட்டுவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான்.

மகன்:
அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் மாத்திரை ஒமிப்ரசோல் 6 வருஷமாக ஓடுகிறது. நிறுத்திப் பார்த்தோம், நாலாம் நாளே எரிச்சல் முன்னைவிட மோசம். அப்படியானால் தேவைதானே?

குடும்ப மருத்துவர்:
அவசியம் இல்லை. திடீரென விட்டால் அமிலம் கொஞ்ச காலம் கூடுதலாகச் சுரக்கும், பழைய நோய் திரும்பியது மாதிரியே தெரியும். ஆனால் சிலருக்கு அது நிஜமாகவே வேண்டும், உதாரணமாக ரத்தக்கசிவுப் புண் வந்தவர்களுக்கு. எதற்கு ஆரம்பித்தார்கள் என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

74 வயதுப் பாட்டி:
டாக்டர் தம்பி சொன்ன கோபக்காரர் மாதிரி நானும் ஒருத்தி. 20 வருஷமாக அதே வகைத் தூக்க மாத்திரை, லோராசெபாம். இடையில் இரண்டு தடவை ராத்திரி எழுந்து விழுந்தேன், வயசு என்று விட்டுவிட்டேன். குறைக்கச் சொன்னபோது, என்னைக் கிழவி என்று ஒதுக்குகிறார்களோ என்றுதான் தோன்றியது. அரை, அப்புறம் கால், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று 5 மாதம் ஆயிற்று. தூக்கம் இப்போதும் சுமார்தான், ஆனால் காலையில் தலை தெளிவாக இருக்கிறது. கடைசிக் கால் துண்டு ஒன்று டிராயரில் கிடக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.