கென்ட்ரிக் லமார்: காம்ப்டன்ல இருந்து வந்த மத்தவங்க சொல்லாதத இவர் என்ன சொல்லிட்டார்?

அலைவரிசை:
2025 சூப்பர் பவுல் (அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல்) ஹாஃப்டைம் ஷோல அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமார பாத்ததுல இருந்து இவர் பாட்டாதான் ஓடிட்டு இருக்கு. ஃப்ளோ செம, ஆனா வரிகள் பாதி பிடிபடல. எல்லாரும் சமூக அக்கறை உள்ள ராப்பர்னு கொண்டாடுறாங்க, பாட்டுக்குள்ள போனா துப்பாக்கி, கேங், குடி, கெட்ட வார்த்தை எல்லாமே இருக்கு. ரெண்டும் எப்படி ஒத்துப்போகுது? இவர் ஊர், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்கிற காம்ப்டன். அந்த ஊர் கதைய அங்கேயே இருந்து வந்த ராப் குழு என்.டபிள்யூ.ஏ. 1988லயே சொல்லிட்டாங்களே, இவர் புதுசா என்ன சொன்னார்? எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கட்டும்?

பேஸ்லைன்:
2012ல வந்த 'குட் கிட், மேட் சிட்டி'ல ஆரம்பிங்க, கண்ண மூடிட்டு சொல்வேன். என்.டபிள்யூ.ஏ. பேசினது பெரும்பாலும் தெருவுல மிரட்டிட்டு நிக்கிறவன் குரல்ல. கென்ட்ரிக் பேசுறது அவன் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டிருக்கிற பையன் குரல்ல. கேங்ல சேராத பையன், ஆனா கூட்டாளிங்களோட கார்ல ஏறிப் போறவன், தனியா இருந்தா செய்யவே மாட்டாத வேலைய அவங்க கூட இருக்கும்போது செஞ்சிடறவன். அந்த வயசு பசங்க எப்படி சிக்கிக்கிறாங்கன்னு உள்ள இருந்து காட்டுறாரு, அதனாலதான் துப்பாக்கியும் குடியும் வருது, வராம அந்தக் கதைய சொல்லவே முடியாது.

அதுலயே 'சிங் அபவுட் மீ'ன்னு 12 நிமிஷப் பாட்டு ஒண்ணு இருக்கு. முதல் பகுதி, சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு நண்பனோட அண்ணன் தம்பி ஒருத்தன் பேசுற மாதிரி. உன் ஆல்பம் வர்றதுக்குள்ள நான் செத்துட்டேன்னா, ன்னு சொல்ல வரும்போதே துப்பாக்கிச் சத்தம், வாக்கியம் பாதியிலயே நின்னு போயிடும். அடுத்தது ஒரு பொண்ணு. அவளோட அக்கா தங்கச்சி ஒருத்தி கதைய இவர் முந்தின ஆல்பத்துல பாட்டாக்கினதுக்கு சண்டைக்கு வர்றா, யாரக் கேட்டு எங்க வீட்டு விஷயத்த பாடினன்னு. நான் மங்கிப் போக மாட்டேன்னு அவ சொல்லச் சொல்ல குரல் சன்னமாகிட்டே போய் காணாமப் போயிடும். தன்னை குற்றவாளிக் கூண்டுல நிறுத்துற வரிய தானே எழுதி தானே பாடுறாரு, எனக்கு அவரோட அக்கறைக்கு இதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

தெற்குத்தெரு:
ஊரப் பத்தியும் கொஞ்சம் சேத்துக்கிறேன், ஏன்னா காம்ப்டன்னாலே பொறந்ததுல இருந்து ரௌடி ஊர்ங்கற மாதிரி பேசுறாங்க, அது எனக்கு வருத்தமா இருக்கு. 1940கள் வரைக்கும் அது கிட்டத்தட்ட வெள்ளைக்காரங்க ஊர், கறுப்பர்களுக்கு வீடு விக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே ஷரத்து போட்டிருந்தாங்க. அந்த ஷரத்த கோர்ட் மூலமா அமல்படுத்த முடியாதுன்னு 1948ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னப்புறம்தான் கறுப்புக் குடும்பங்க வீடு வாங்கி உள்ள வந்தாங்க, வெள்ளைக்காரங்க ஒவ்வொருத்தரா கிளம்பினாங்க, 1965ல பக்கத்துல வாட்ஸ் பகுதில நடந்த கலவரத்துக்கு அப்புறம் மிச்சம் இருந்தவங்கள்லயும் பெரும்பாலானவங்க போயிட்டாங்க, கடைகளும் கூடவே போச்சு. பக்கத்துல சவுத் கேட்ல இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஃபேக்டரி 1980ல மூடினாங்க, ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஃபேக்டரி 1982ல. நிரந்தர வேலை போன அந்த நேரத்துலதான் கிராக் கொக்கெய்ன்ங்கற போதைப்பொருள் வருது. கென்ட்ரிக்கோட அப்பா அம்மா சிகாகோல கேங் தொல்லைலேர்ந்து தப்பிக்க 1984ல வந்து இறங்கினதே இப்படிப்பட்ட காம்ப்டன்லதான், 1987ல இவர் பொறக்குறார். எட்டு வயசுல அப்பா தோள் மேல உக்காந்து ராப்பர்கள் டூபாக்கும் டாக்டர் ட்ரேயும் தெருவுல வீடியோ ஷூட் பண்றத பாத்திருக்கார். ஏழாம் கிளாஸ்ல கவிதை எழுத வச்ச இங்கிலீஷ் வாத்தியாரும் அதே ஊர் ஸ்கூல்லதான் இருந்தார், இதையும் யாராவது சொல்லணும்ல.

நடுராத்திரி ரேடியோ:
மேல சொன்னது எல்லாம் ஓகே ஆனா 'முன்னேறி வந்தவர் கதை'ன்னு மட்டும் கேட்டா 2015 ஆல்பம் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' புரியாது. அதுல ஜெயிச்சவனோட குற்ற உணர்ச்சிதான் மையம். 'யூ'ன்னு ஒரு பாட்டு, ஹோட்டல் ரூம், பாட்டில் கண்ணாடில இடிக்கிற சத்தம் கேக்கும், அழுதுட்டே தன்னைத்தானே திட்டுறார். ஊர்ல நண்பன் ஆஸ்பத்திரில கிடந்தப்ப நீ நேர்ல போகல, வீடியோ கால் பண்ணின, அவன் போயிட்டான்னு. இதே ஆல்பத்துல இருக்கிற 'ஆல்ரைட்'டத்தான் அந்த வருஷம் போலீஸ் வன்முறைக்கு எதிரான ஊர்வலங்கள்ல ஜனங்க கோரஸா பாடினாங்க. எனக்கு இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியல, அந்தப் பாட்டுல இருக்கிற நம்பிக்கை இந்த அழுகைய தாண்டி வந்தது, அதான் ஜனங்க வாயில அப்படி நின்னுச்சு. 2018ல இவரோட 'டேம்' ஆல்பத்துக்கு, அமெரிக்காவுல பெரிய கௌரவமான புலிட்சர் இசை விருது குடுத்தாங்க, கிளாசிக்கல், ஜாஸ் தவிர வேற இசைக்கு அந்த விருது போனது அதான் முதல் தடவை. பெருமைதான், ஆனா என்னக் கேட்டா அந்த விருது பட்டர்ஃப்ளைக்கே வந்திருக்கணும்.

அலைவரிசை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். 'சிங் அபவுட் மீ' இப்பதான் கேட்டேன், அந்தப் பொண்ணு குரல் தேயுற இடத்துல வால்யூம்ல பிரச்சினைன்னு நெனச்சு கூட்டி வச்சேன், அப்புறம்தான் பேஸ்லைன் எழுதினது ஞாபகம் வந்துச்சு. பட்டர்ஃப்ளைல ஜாஸ் நிறைய இருக்குன்னு சொல்றாங்களே, ஜாஸ் பழக்கமே இல்லாதவனுக்கு செட் ஆகுமா?

பேஸ்லைன்:
ஆகும், ஆனா ஷஃபிள்ல போடாதீங்க. ஒரு கவிதை சில பாட்டுகளுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா நீண்டுட்டே வரும், கடைசிப் பாட்டுலதான் அது முழுசா யார்கிட்ட படிச்சுக் காட்டுறார்னு தெரியும். யாருன்னு இங்க யாரும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.